துடைக்காத எண்ணெய்

மரியஜான் மாமாவை எங்கள் ஊரில் யாரும் தேட வேண்டியதில்லை. எந்தக் கூட்டத்திலும் எல்லார் தலைக்கும் மேலே ஒரு தலை தெரியும். அதுதான் அவர். ஆறடி மூணு இஞ்ச். பூசையில் அவருக்குப் பின்னால் நின்றால் பீடமே தெரியாது. அதனால்தான் நான் போய் அங்கே நிற்பேன். அந்த முதுகின் மறைவில் எத்தனையோ பிரசங்கங்களைப் புளியங்காய் தின்றே முடித்திருக்கிறேன்.

இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் கடலுக்குப் போகவில்லை. போக முடியாது. வள்ளம் முதல் அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். பதினாறு வயதில் அவருடைய அப்பா மூன்று தடவை கூட்டிப்போய்ப் பார்த்தாராம். மூன்றாவது தடவை கரைக்கு வந்ததும் வலையை உதறிக்கொண்டே, "இவன் கடலுக்குக் கொள்ளாது" என்று கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம். கடற்கரையில் பிறந்த ஆம்பிளைக்கு இதைவிடப் பெரிய கெட்ட பெயர் வேண்டாம். அந்த வாரமே ஐஸ் கம்பெனியில் சேர்ந்தார். முப்பத்தெட்டு வருஷமாக அங்கேதான் ஐஸ் கட்டி உடைக்கிறார். கம்பெனியில் கசிகிற அமோனியா வாயு அவர் மூக்கை முதல் பத்து வருஷத்திலேயே கொன்றுவிட்டது. மல்லிகை பூத்தாலும் சாளை மீன் அழுகினாலும் அவருக்கு ஒன்றுதான்.

"எனக்க கொழம்பு தீஞ்சாலும் குத்தம் சொல்லாத ஒரே மாப்பிள்ள இந்த ஊர்ல இவருதான்" என்பாள் ஷெர்லி மாமி. அவருடைய பெண்டாட்டி. புதுக்கடைப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். பிள்ளைகள் கிடையாது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் எங்கள் அம்மா "ஆண்டவரே" என்பாள்.

ஊரில் அவருக்குப் பெயர் "ஐஸு". அரைக்கால் சட்டை போட்ட பயல்கள்கூட "ஏலே ஐஸு" என்று கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். கோபப்படுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு தடவை நான், "மாமா, கம்பெனிக்குக் கலெக்டர் வந்திருக்காரு, உங்களத்தான் கேக்காரு" என்று சொல்லி அவரை அரை மைல் ஓடவிட்டேன். வேர்த்து ஊற்றத் திரும்பி வந்து, "நல்லா ஏமாத்திட்டியே மக்கா" என்று சொல்லி என் கையில் ஒரு துண்டு ஐஸை வைத்தார். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தடவை தோற்றுவிட்டு அம்மாவின் பஜ்ஜிக் கடையில் வெங்காயம் நறுக்குகிறவள். என்னைக் கெட்டிக்காரி என்று நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

இப்படிப்பட்ட மனுஷன் வருஷத்தில் பத்து நாள் ராஜா.

எங்கள் பங்குக் கோயிலில் திருவிழாக் கொடி ஏறுகிற அன்று சாயங்காலம் சவுல் ராஜா நாடகம் போடுவார்கள். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் பழைய சவுல் விசா வந்து துபாய்க்குப் போய்விட்டார். ராஜா வேஷத்துக்கு உயரமான ஆள் வேண்டும் என்று தேடினார்கள். சவுலை இஸ்ரயேல் ஜனங்கள் ராஜாவாக ஏற்றுக்கொண்டதே அவன் எல்லாரையும்விடத் தோளுக்கு மேலே உயர்ந்திருந்ததைப் பார்த்துத்தானாம். ஊர் கமிட்டி வருகிறது என்று தெரிந்ததும் மரியஜான் மாமா ஐஸ் கம்பெனியில் காலிச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். தலை வெளியே தெரிந்தது. சாமுவேல் தீர்க்கதரிசி வேஷம் போடுகிற சூசை உபதேசியார் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். வேதத்திலும் சவுல் இப்படித்தான் மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தானாம். உபதேசியாருக்கு அதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. "இவன்தான்ல ஆளு" என்றாராம்.

நாடகத்தில் நாலு காட்சி. முதல் காட்சியில் அப்பாவின் காணாமல்போன கழுதைகளைத் தேடி வருகிற சவுலின் தலையில் சாமுவேல் ஒரு கண்ணாடிக் குப்பியிலிருந்து எண்ணெய் ஊற்றுவார். கழுதை தேடிப் போனவன் ராஜாவாகத் திரும்புவான். இரண்டாவது காட்சியில் போருக்கு முன்னால் பலி கொடுக்கச் சாமுவேல் வர வேண்டும், வர நேரமாகும். படை சிதறுகிறது என்று பயந்து சவுல் தானே பலி கொடுத்துவிடுவான். அப்போது சாமுவேல் வந்து, "குரு செய்ய வேண்டியதை நீ செய்தாய், உன் அரசு நிலைக்காது" என்பார். மூன்றாவது காட்சியில் ஆட்டுக்காரப் பயல் தாவீதின் தலையில் கொம்பிலிருந்து எண்ணெய். சவுலுக்கு ஏன் குப்பி, தாவீதுக்கு ஏன் கொம்பு என்று கேட்டால் உபதேசியார், "குப்பி ஒடையும், கொம்பு ஒடையாது, அவ்வளவுதான்" என்பார். கடைசிக் காட்சியில் குகைக்குள் சவுல் தூங்குவான். அவனைக் கொல்ல வசமாகக் கிடைத்தும் தாவீது அங்கியின் ஓரத்தை மட்டும் அறுப்பான். "இவன் ஆண்டவருடைய எண்ணெய் பட்டவன். இவன்மேல் என் கை படாது."

அந்த வசனம் வரும்போது ஊரே அழும். அழுத ஊர் சும்மா வீட்டுக்குப் போகவில்லை, அதிலிருந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டது. எப்போது யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. சவுல் வேஷக்காரன் தலையில் ஊற்றிய எண்ணெயைக் கொடி இறங்குகிற வரைக்கும், பத்து நாள், கழுவக் கூடாது. அந்தப் பத்து நாளும் அவன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஏச்சு கூடாது. அவன் சொல்லைத் தாண்டக் கூடாது. பத்தாம் நாள் கொடி இறங்கினதும் அவன் பெண்டாட்டி புதுத் துவர்த்துத் துண்டு கொண்டுவந்து அந்தத் தலையைத் துடைத்துவிடுவாள். அதோடு ராஜா முடிந்தான், மறுபடியும் ஐஸ்.

பத்து நாளும் ராஜா முன்னால் வழக்கெல்லாம் வரும். பாதி வேடிக்கைதான். இவள் கோழி அவள் வீட்டில் முட்டையிட்டது, முட்டை யாருக்கு என்று வருவார்கள். மாமா வெகுநேரம் யோசிப்பார். "முட்டைய அவியுங்க, பாதி பாதி" என்பார். மறுபேச்சு கிடையாது. அந்தப் பத்து நாளும் அவர் கூன் போடாமல் நடப்பார். ஷெர்லி மாமி தன் மாப்பிள்ளையின் முழு உயரத்தை வருஷத்தில் அப்போதுதான் பார்ப்பாள்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னால் ஷெர்லி மாமியைத் திருவனந்தபுரத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஈரலில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். மஞ்சள் துணியைச் சுருட்டிப் போட்டது மாதிரி கட்டிலில் கிடந்தாள். மாமா இந்தத் தடவை நடிக்க மாட்டேன் என்றார். அவள்தான் விடவில்லை.

"நீரு போவும். இஞ்ச இருந்து எனக்க மூச்ச எண்ணிட்டுக் கெடக்கப் போறீரா?"

போனார். இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நாடகத்தில் தாடி ஒட்டுவதும் முகத்தில் சாயம் பூசுவதும் என் வேலை. அதனால் சாமான் அறைச் சாவி என்னிடம் இருந்தது. சந்தனத்தூள் போட்டு, பங்குச் சாமியார் மந்திரித்துவைத்த தேங்காய் எண்ணெய் அந்தக் குப்பியில் இருந்தது. அதை வெளியே ஊற்றிவிட்டு, எங்கள் கடையில் மூன்று நாள் பஜ்ஜி சுட்ட எண்ணெயை வடிகட்டி நிரப்பினேன். ராஜா மேலே வாழைக்காய் பஜ்ஜி மணந்தால் கடற்கரை நாயெல்லாம் பின்னால் போகும், நாலு நாள் சிரிக்கலாம் என்று ஒரு கணக்கு. நல்ல எண்ணெயை வீணாக்க மனசு வரவில்லை. என் தலையில் தேய்த்துச் சடை போட்டுக்கொண்டேன்.

உபதேசியார் குப்பியைக் கவிழ்த்தபோது முதல் வரிசையில் ஒரு பெண், "எங்கயோ வட சுடுதாவ" என்றாள். திருவிழாத் திடல் முழுக்கக் கடைகள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமாவுக்கு மூக்கே கிடையாது. ஊர்வலத்தில் இரண்டு நாய் ராஜா பின்னால் போனது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பு மறுநாள் காலைப் பூசை வரைக்கும்தான் இருந்தது.

எங்கள் பங்குச் சாமியார் புதிது, திருவட்டாறு பக்கத்து ஆள், சின்ன உருவம். அன்றைய பிரசங்கத்தில் அவர் நாடகத்தைப் பற்றித்தான் பேசினார். "அந்தக் காலத்தில் ஒருவனை ராஜா ஆக்கினது கிரீடம் இல்லை, எண்ணெய். எண்ணெய் பட்டால் அவன் கடவுளுக்குச் சொந்தம். கடவுளின் ஆவி அவன்மேல் வந்து இறங்கும். அதனால்தான் தாவீது அவனைத் தொடவில்லை. ஆனால் தனக்குச் சொந்தமானவனைக் கடவுள் சும்மா விட மாட்டார், கேள்வி கேட்பார். சவுல் எதை வேண்டுமானாலும் தொடலாம் என்று நினைத்தான். அதில்தான் அவன் விழுந்தான்."

அன்று நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன், புளியங்காயோடு. "ஆவி அவன்மேல் வந்து இறங்கும்" என்றபோது அந்தப் பெரிய முதுகு ஒரு தடவை நடுங்கியது. அதற்குப் பிறகு சாமியார் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. நாடகக் குரல் இல்லை, மெதுவான குரல்.

"ஆண்டவரே, எனக்க மேல ஊத்தினது உமக்க எண்ண. உள்ளதுன்னா இவள எழுப்பும்."

போய் அவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தன் தலையில் கைவிரலைத் தடவி, அந்த எண்ணெயை மாமியின் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். நெற்றி, இரண்டு உள்ளங்கை, பிறகு வயிறு. எங்கள் அம்மா கடையின் மூன்று நாள் எண்ணெய்.

அவர் வெளியே போனதும் மாமி சுவரைத் தட்டினாள்.

"ஏட்டி ரெஜிஷா, இஞ்ச வா."

போனேன்.

"உனக்க அம்ம கடையில எண்ண எத்தன நாளைக்கு ஒருக்க மாத்துவா?"

"ஏன் மாமி?"

"கேட்டதுக்குச் சொல்லுட்டி."

"மூணு நாளைக்கு."

"அதான். மூணு நாள் வெங்காயம் மணக்குது." சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாள். "ராஜாவ பஜ்ஜி போட்டுட்டியே, பாவி."

நான் அழுதுவிட்டேன். "மாமாட்ட சொல்லிருதேன் மாமி."

"சொன்னா உன்னச் சவட்டிப் போடுவேன். பத்து நாளு அந்த மனுசன் நிமிந்து நிக்காரு. எனக்குக் கண்ண மூடும்போ அவரு கூனியிருக்கத பாக்கண்டாம். நீ சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஆனா எனக்கு ஒரு காரியம் செய்யணும். நேரம் வந்தா சாமியாரக் கூட்டிட்டு வரணும். உனக்க மாமாட்ட கேக்காத. நேரா போய்க் கூட்டிட்டு வா."

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சுகமில்லாதவர்களுக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பது எங்கள் சபையில் உண்டு. தேறுவதற்கும் துணைக்கும் என்று எத்தனை சாமியார் சொன்னாலும் எங்கள் கரையில் எவரும் நம்புவதில்லை. அந்தச் சின்ன வெள்ளிச் சிமிழ் வாசல் ஏறினால் சவப்பெட்டிக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இங்கே கணக்கு. அதனால் நினைவு தப்புகிற வரைக்கும் சாமியாரைக் கூப்பிட மாட்டார்கள். மரியஜான் மாமாவும் அப்படித்தான். திருவனந்தபுரத்திலிருந்து வந்த அன்றே மாமி கேட்டிருக்கிறாள். "அந்த எண்ண வந்தா நீ போயிருவ" என்று சொல்லிவிட்டார்.

"உங்களுக்குப் பயம் இல்லியா மாமி?"

"பயந்தான். அதுக்குத்தான் கேக்கேன். ஒருத்தரு வந்து நெத்தியில தொட்டு, செரி, போயிட்டு வான்னு சொல்லணும். இவரு தொடும்போல்லாம் போகாத போகாதன்னுல்லா சொல்லுதாரு. நான் எப்படிப் போவேன்?"

நாலாம் நாள் மாமி அரைத் தோசை தின்றாள். மாமா தெருவில் இறங்கி எல்லாரிடமும் சொன்னார். "அரத் தோச. சட்னி தொட்டு." அன்று அவர் ஏழடி இருந்தார். அன்று வந்த வழக்குக்காரர்கள் எல்லாருக்கும் ஜெயம் என்று தீர்ப்பு சொன்னார். இரண்டு கட்சிக்கும்.

ஏழாம் நாள் தண்ணீர் இறங்கவில்லை. மாமா ஒரு நாளைக்கு மூன்று தடவை பூசிக்கொண்டிருந்தது பத்துத் தடவை ஆனது. தலையில் எண்ணெய் குறையக் குறைய விரலை முடிக்குள் அழுத்தித் தேய்த்து எடுப்பார். கறுத்துப் பிசினாக வரும்.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடி இறங்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மாமி சுவரைத் தட்டினாள். ஒரே ஒரு தட்டு. நான் செருப்புப் போடாமல் சாமியார் பங்களாவுக்கு ஓடினேன். சாமியார் சோற்றில் கை வைத்திருந்தார். கழுவிவிட்டு வெள்ளிச் சிமிழை எடுத்துக்கொண்டு என்கூட வந்தார். வழியில் வினோஜ் அண்ணனும் சேர்ந்துகொண்டான். வள்ளக்காரன், நாடகத்தில் தாவீது. பின்னால் ஊர் வந்தது.

மாமா வாசலில் நின்றார். அந்த வாசலுக்குள் அவர் எப்போதும் குனிந்துதான் போவார். அன்று வெளித்திண்டில் நிமிர்ந்து நின்றார். நிலை மேல்கட்டை அவர் நெஞ்சுக்கு வந்தது. வாசல் என்று ஒன்று அங்கே இல்லாமல் ஆனது.

"மரியஜான், கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் சாமியார்.

"வேண்டாம் ஃபாதர். எண்ண பூசியாச்சு."

"யார் பூசினது?"

"நான்."

சாமியார் அவர் தலையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. "அது நாடகம் மரியஜான்."

"நீங்க மந்திரிச்ச எண்ணதானே ஃபாதர்? உபதேசியாரு ஆண்டவரு பேருலதானே ஊத்தினாரு? ஆவி எறங்கும்னு நீங்கதானே சொன்னிய?" கோபமே இல்லை அந்தக் குரலில். கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல். "கொடி எறங்கல்ல ஃபாதர். கொடி எறங்குதது வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. நீங்க உள்ள வந்தா அவ போயிருவா."

சாமியார் திரும்பி, "வினோஜ், அவரைக் கொஞ்சம் பிடிச்சு நகர்த்து" என்றார்.

வினோஜ் அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஃபாதர், நான் எப்படி? நான் தாவீதுல்லா."

பின்னால் நின்ற முப்பது நாற்பது ஆம்பிளைகளும் மணலைப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் "ஏலே ஐஸு, தள்ளி நில்லு" என்று அவர் தோளைப் பிடித்துத் தள்ளினவர்கள்தான். ஒருத்தன் கை நீளவில்லை. சாமியாரே முன்னால் போய் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தார். மதிலைத் தள்ளுவது மாதிரி இருந்தது.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "மனுசா, அவர உள்ள விடும்."

"நீ பேசாத கெட. கொஞ்ச நேரந்தான்."

பிறகு அவள், "ரெஜிஷா" என்றாள். அவ்வளவுதான். சொல்லு என்று கூப்பிட்டாளா, சொல்லாதே என்று கூப்பிட்டாளா, இல்லை பக்கத்துவீட்டுப் பிள்ளையைச் சும்மா ஒரு தடவை கூப்பிட்டாளா, இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. அது பஜ்ஜி எண்ண, நீங்க ராஜா ஒண்ணும் இல்ல, தள்ளி நில்லுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நிமிர்ந்த ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லை. ஊரையே ஏமாற்றின வாய் அப்போது திறக்கவில்லை.

சாமியார் தெருவிலேயே முட்டுப்போட்டு ஜெபித்தார். தெருவிலிருந்து எண்ணெய் பூச முடியாது, அது நெற்றியைத் தொட்டால்தான். மூன்றே முக்காலுக்கு மாமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, குனிந்து வெளியே வந்தார். நிலையில் தலை இடித்தது. தடவிக்கொள்ளவில்லை.

"இப்போ வாருங்க ஃபாதர்" என்றார்.

சாமியார் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். சிமிழைத் திறந்தார், மூடினார். செத்தவர்களுக்குப் பூச முடியாது என்று மெதுவாகச் சொன்னார். பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாமாவின் தலையைத் துடைப்பதற்கு மாமி புதுக்கடையில் வாங்கச்சொல்லி வைத்திருந்த புதுத் துவர்த்து பெட்டிமேல் மடித்து இருந்தது. பெண்கள் வந்ததும் கைக்குக் கிடைத்த துணி அதுதான். கிழித்து, அவளுடைய தாடையைச் சேர்த்துக் கட்டினார்கள். ஆறு மணிக்கு பேண்டு வாத்தியம் இல்லாமல் கொடி இறங்கியது. துவர்த்து மறுநாள் அவளோடு குழிக்குள் போனது.

ராஜாவின் தலையைத் துடைக்க வேண்டியவள் பெண்டாட்டி. அவள் இல்லை. என்ன செய்வது என்று கமிட்டிக்குத் தெரியவில்லை. அவருடைய தங்கச்சி துடைக்கட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றார். அதனால் அவர் ராஜாவாகவே இருந்தார். அந்தப் பிசின் பிடித்த தலையோடு ஐஸ் உடைக்கப் போனார். யாரும் "ஏலே ஐஸு" என்று கூப்பிடவில்லை. அவர் வந்தால் சின்னப் பயல்கள்கூட வாயை மூடிக்கொண்டு வழிவிட்டார்கள். சாயாக்கடையில் அவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. ஊர் அதை மரியாதை என்றுதான் நினைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் கிடையாது. தும்மல்கூட இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த அன்று, மத்தியானம் மூன்று மணிக்கு, அவர் எங்கள் கடைக்கு வந்தார். அம்மா கடலைமாவு வாங்கப் போயிருந்தாள். சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் பெஞ்சில் உட்காராமல் நின்றார். கூன் திரும்ப வந்திருந்தது, முன்னைவிட அதிகமாக.

"மக்கா, நீ விவரமுள்ள பிள்ள. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க மாமா."

"சவுலு கெட்டுப் போனான். அவன் ஒரு தப்பு செஞ்சான், ஆவி அவன விட்டுப் போச்சு. எண்ண மேல குத்தம் இல்ல. அப்போ நானும் ஏதோ செஞ்சிருக்கேன், இல்லியா? எண்ண எனக்க தலையில இருக்கும்போல்லா அவ போனா." விரலை மடக்கினார். "சின்ன வயசுல கம்பெனியில ரெண்டு மீன் எடுத்தேன். கல்யாணம் முடிஞ்ச வருசம் அவள ஒருக்க அடிச்சேன், ஒரே ஒருக்க. அப்பா சாவக் கெடக்கும்போ கடலுக்குக் கொள்ளாதுன்னு சொன்னத நெனச்சுட்டே நின்னேன், குடிக்க வெள்ளம் கேட்டாரு, கொஞ்சம் தாமசிச்சுக் குடுத்தேன். இதுல எது மக்கா? நாப்பத்தொரு நாளா எண்ணிப் பாக்கேன். எதுக்காவ ஆண்டவரு என்ன விட்டாரு?"

இதற்கு மேல் எப்படிப் பொறுப்பேன்? மாமிக்குச் சத்தியம் செய்தது கொடி இறங்குகிற வரைக்கும்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்தக் குற்றத்தை அவர் நெஞ்சிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"மாமா, நீங்க ஒண்ணும் செய்யல்ல. அது மந்திரிச்ச எண்ண இல்ல. நான் குப்பிய மாத்திட்டேன். இந்தச் சட்டியில உள்ள எண்ணதான். விளையாட்டுக்குச் செஞ்சேன். உங்க மேல தப்பே இல்ல மாமா."

அவர் சட்டியைப் பார்த்தார். குனிந்து மூக்கை அதன்மேல் நீட்டி இழுத்துப் பார்த்தார். அந்த மூக்குக்கு என்ன தெரியும்?

"அவளுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். சொல்லாதன்னு சொன்னா. நீங்க நிமிந்து நிக்கணும்னு சொன்னா."

பெருமூச்சு வரும், ஆறுதல் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"அப்போ நான் ராஜா இல்லியா?"

"இல்ல மாமா."

"அப்போ அன்னைக்கு என்னத் தள்ளிட்டு உள்ள போயிருக்கலாமே" என்றார். "அம்புட்டுப் பேரு நின்னியளே. சும்மா ஐஸுன்னு சொல்லி ஒரு தள்ளு தள்ளியிருந்தா நான் ஒதுங்கியிருப்பேனே மக்கா. நான் எப்பவும் ஒதுங்குதவந்தானே."

"நல்ல எண்ண எங்க?"

"எனக்க தலையில தேச்சேன்."

தலையை ஆட்டினார், ஏதோ சரியாகிப்போனது மாதிரி. "அப்போ ராஜா நீ. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். ஏன் மக்கா சொல்லல்ல?"

திட்டியிருக்கலாம். அந்தச் சட்டியை என்மேல் கவிழ்த்திருக்கலாம். அவர் கேட்டது நிஜமாகவே பதில் தெரியாத ஆள் கேட்கிற மாதிரிதான்.

பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றுவதற்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கம்பியில் குத்தி வைத்திருப்போம். அவர் அதிலிருந்து ஒரு தாளை உருவினார். தலையில் வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். காய்ந்த தாள் காய்ந்தே இருந்தது. இன்னொன்று உருவி, உச்சியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. நாற்பத்தொரு நாள் வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஐஸ் தண்ணீரிலும் அது எங்கே போனதோ. இல்லை, மிச்சம் இருந்ததெல்லாம் அவள் நெற்றியோடு போய்விட்டதோ.

தாள் முழுக்கத் தீர்கிறவரை அவர் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டியில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. அவருக்கு அது மணக்கவில்லை.